முழுசா நின்ன பிறகு

வண்டி பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே அவள் கியரை முன்னே போகும் 'டி'க்குத் தள்ளினாள்.

அடியில் 'டக்' என்று ஓர் இடி. இருக்கை ஒருமுறை குலுங்கி அடங்கியது.

டாக்டரின் அறையை விட்டு வந்ததிலிருந்து வாயை இறுக மூடியிருந்தவர், அப்போதுதான் திறந்தார்.

"முழுசா நின்ன பிறகு மாத்தணும். முழுசா. இதுல உனக்கு எந்த எழுத்து புரியல?"

"சரிங்க" என்றாள் மனைவி.

இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவருக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் அது. சரி சரி என்று தலையாட்டிய எவனும் சரியாக ஓட்டியதில்லை. படிக்க வந்தவர்கள் அவருக்குத் தேள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றாலே அவருக்கு இளக்காரம். கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் சுற்றலாம். ஊட்டிவிட்டால் போதாது, மென்றும் கொடுக்கவேண்டும் என்கிற ஆட்களுக்காகச் செய்த வண்டி. இவளாகப் போய் வாங்கிவந்தது. அதையாவது உருப்படியாக ஓட்டக்கூடாதா?

இரண்டு காலையும் வேலைக்கு வைத்திருந்தாள். ஒன்று பிரேக்கில், ஒன்று ஆக்சிலேட்டரில். வண்டி வழியெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டே போனது.

"இடது காலை மடக்கி ஓரமா வை. அதுக்கு இங்க உத்தியோகம் இல்ல."

பாலத்து இறக்கத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று தொய்ந்தது. நியூட்ரலில் போட்டுவிட்டாள். இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பதே எஞ்சின்தான். அதைக் கழற்றிவிட்டு பிரேக்கை மட்டும் நம்புகிறவளை என்ன சொல்லித் திட்டுவது என்று அவர் யோசிப்பதற்குள் இறக்கமே முடிந்துவிட்டது.

அடுத்த திருப்பத்தில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு முனகல் கிளம்பியது.

"ஒரு நூல் விடு. ஸ்டீயரிங் பம்ப் அழுவுது, கேக்கலையா?"

கேட்டிருக்காது. கழுதைக்கு ஏது கற்பூர வாசனை.

கல்யாணமான புதிதில், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றாள். உனக்கு வராது என்று ஒரே சொல்லில் முடித்தார். இந்த வருஷம் வேறெங்கோ போய் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். கற்ற லட்சணம் இது. திட்டத் திட்ட அவருக்குக் குரல் ஏறியது, முதுகு நிமிர்ந்தது. டாக்டர் சொன்னதை அரைமணி நேரமாக மறந்தேபோயிருந்தார்.

வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டாள். "கேட்டைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. வண்டியை உள்ள விட்டுட்டு வந்துடறேன்."

ஷெட் குறுகல். இடதுபக்கம் ஒரு தூண் வேறு. அவரிடம் படித்த கெட்டிக்காரர்களே மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த்தான் நுழைப்பார்கள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

வண்டி நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்தே கியர் விழுந்தது, பஞ்சில் விழுந்ததுபோல. சக்கரம் உருள ஆரம்பித்த பிறகுதான் ஸ்டீயரிங் திரும்பியது. பம்ப் முனகவில்லை. ஒரே போக்கில் பின்வாங்கி உள்ளே போய் நின்றது. முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தம். அதற்குப் பிறகே கியர் பார்க்கிங்குக்கான 'பி'க்குப் போனது.

இருபத்தாறு வருஷத்தில் இத்தனை சுத்தமாக நிறுத்தியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

அவர் கேட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவள் முதன்முதலாக அவரை உட்காரவைத்து ஓட்டிய நாளிலும் வண்டி இப்படித்தான் போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கும் மறுநாளும் அவர் பேசவில்லை, சாப்பிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்துதான் இந்த டக், இந்த முனகல் எல்லாம். படித்தது அதற்குள் மறந்துவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அவள் அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"மூணு படிங்க. பார்த்து."

இனி ஆபரேஷனும் வேண்டாம், பார்வை திரும்பாது என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார்.

முதல் படியில் அவர் நின்றார். "தூண்ல இடிச்சியா?"

அவர் கைக்குக் கீழே அவள் தோள் ஷெட் பக்கம் திரும்பி வந்தது.

"ஆமாங்க. லேசா."

எந்தச் சத்தமும் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். தோளில் இருந்த கை ஒருமுறை அழுந்தியது. குரலில் பழைய ஏளனம் மட்டும் துளியும் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

"ஓட்டும்போது கண்ணை எங்க வெச்சிருந்தே?"

பார்வை போய் ஏழு மாதத்தில், கண் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.