இருபது நிமிடத் தாமதம்

"கிட்டப் போகாதீங்க. கண்ணாடியில பாத்துருவாரு," என்றாள் ரஜிதா.

நிமலன் முச்சக்கரவண்டியின் வேகத்தைக் குறைத்தான். முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் ஜுனைதீன் ஓட்டும் வெள்ளைப் பள்ளிக்கூட வான். வானுக்குள் பன்னிரண்டு பெண் பிள்ளைகள். அதில் ஒருத்தி இவர்களுடைய மகள் தினுஷா.

மாத்தளையில் பள்ளிக்கூடம் விட்டால் இரண்டு மணிக்கெல்லாம் பலாபத்வல வீட்டில் இருப்பாள். ஒரு மாதமாக இரண்டு இருபது ஆகிறது. கேட்டால், "ரோட்டுல வாகனம்மா," என்று சிரிக்கிறாள். நேற்றுப் பக்கத்து வீட்டுக் கமலாட்சி வந்து, அலுவிகாரையில் ஒரு வீட்டு வாசலில் வான் நிற்பதையும் பிள்ளைகள் உள்ளே ஓடுவதையும் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்குப் பயமில்ல. இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடுறேன்."

நிமலன் சும்மா ஆள் இல்லை. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அடுத்த மாதம் திறக்கப்போகும் நுழைவாயில் வளைவில் அவன் பெயரைக் கல்லிலேயே வெட்டியாகிவிட்டது. ஜுனைதீனிடம் பேச வேண்டியதையெல்லாம் காலையில் சவரம் செய்துகொண்டே கண்ணாடியிடம் பேசிப் பார்த்திருந்தான்.

"நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சுச்சு," என்றாள் ரஜிதா. "போன ஸ்கூல் தவணையில இவ அடிவயித்து வலியில சுருண்டு கெடந்தப்ப, ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனதே அவருதானே."

"இப்ப வலி இல்லதானே?"

"இல்ல. தண்ணிப் போத்தலும் காலியா வருது. முந்தியெல்லாம் நிரப்பிக் குடுத்தது அப்படியே திரும்பி வரும். நான் ஏசின ஏச்சுல திருந்திட்டா."

"அவன் சரியில்ல. ரெண்டு மாசத்துக்கு முன்ன சங்கத்துக்குன்னு ஒரு கடுதாசி தந்தான். வானை ஸ்கூலுக்குள்ள நிப்பாட்ட எடம் கேட்டிருப்பான். நான் பிரிக்கவே இல்ல, இதுக்குள்ளதான் கெடக்கு." முன்பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

அதற்குள் வான் இடப்பக்கச் சந்தில் திரும்பி, பச்சைக் கேட் போட்ட ஒரு வீட்டின் முன் நின்றது. கதவு திறந்ததும் பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். முதல் ஆளாக ஓடியது தினுஷா.

"ஐயோ, எம்புள்ள!"

வண்டி நிற்கும் முன்பே ரஜிதா குதித்துவிட்டாள். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. நிமலன் கைப்பேசியில் பொலிஸ் அவசர இலக்கம் 119 ஐ அழுத்தி, அழைக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

ஜுனைதீன் வீட்டுக்குள் போகவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு வானோரம் நின்றார். நிமலனுக்குக் காலையில் பேசிப் பழகியது ஒன்றும் வாயில் வரவில்லை.

"எங்கய்யா எம்மக?"

"உள்ள இருக்கா தம்பி. எங்கட ஊடுதான்," என்றார் அவர் திகைத்துப்போய்.

ரஜிதா கேட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். போன வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்று, ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை ஒரு கழிப்பறைக் கதவில் முடிந்தது. கதவில் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். வெளியே வந்தவர்கள் கை கழுவி, மேசையிலிருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தார்கள்.

கையில் துவாயோடு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். ஜுனைதீனின் மனைவி மஸீனா.

"தினுஷாட உம்மாவா? மொகத்துலயே தெரியுது. வாங்க தங்கச்சி. ஊட்டுல சொல்லிட்டு வாங்கன்னு நானும் நாள் தவறாம சொல்றேன், வெக்கமாம். ஸ்கூல் டொய்லட்ல கதவுக்குத் தாப்பாள் இல்லயே. பயத்துல ஒருத்தியும் போறதில்ல. போக வேண்டி வந்துடும்னு தண்ணியும் குடிக்கிறதில்ல. வயித்துல வலி, வருத்தம் வராம என்ன செய்யும்? இப்ப இங்க வரலாம்னு தெரிஞ்சதாலதான் போத்தலத் தொறக்குதுகள்."

ரஜிதாவுக்கு நிம்மதியிலா வெட்கத்திலா என்று தெரியாமல் கண் நிறைந்தது. தினுஷாவின் தலையைத் தடவிவிட்டு, ஒற்றைச் செருப்போடு முச்சக்கரவண்டிக்கு நடந்தாள். ஏதோ நினைத்தவளாக முன்பெட்டியைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். நிமலன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அருகே வந்து நின்றான்.

அவள் அவனுக்குக் கேட்கும்படி வாசித்தாள்:

"செயலாளர் ஐயாவுக்கு, பெண் பிள்ளைகளின் மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்று நானே வாங்கி வைத்திருக்கிறேன். போடுவதற்கு அனுமதி மட்டும் தாருங்கள்."