அஞ்சு நிமிஷத் திருட்டு

"எவனோ ஒருத்தன் வருஷம் பூரா இந்தக் குருமடத்துல தினமும் அஞ்சு நிமிஷம் திருடியிருக்கான். அவன் யாருன்னு தெரியாம இன்னிக்கு பஸ் நகராது."

ஃபாதர் செபுன்யா தன் சிவப்பு நோட்டை அதிபரின் மேசைமேல் போட்டார். போட்ட வேகத்தில் அடுக்கி வைத்திருந்த கடித உறைகள் சரிந்தன.

படிப்பு வருஷத்தின் கடைசி நாள். நன்றித் திருப்பலி முடிந்து, சாப்பாட்டு அறையில் மத்தோக்கே என்ற வாழைக்காய் மசியலும் வேர்க்கடலைக் குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும், ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறுமுன் மாணவர்களுக்கு ஆளுக்கொரு உறை. உள்ளே 'மறுபடி வா' என்று இருக்கும். இல்லையென்றால் 'வர வேண்டாம்'.

அதிபர் பிருங்கி நிதானமாக உறைகளைத் திரும்ப அடுக்கினார். "விவரமாச் சொல்லுங்க ஃபாதர்."

"காலையில ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணி. நேத்து ஆயர் வீட்டுலேர்ந்து வந்த ஃபாதர் போனைப் பார்த்துட்டுச் சிரிக்கிறார், ஆறு அஞ்சுங்கறார். சமையல்கட்டுல விசாரிச்சேன். ரேடியோவுல ஆறு மணிச் செய்தி முடிஞ்சப்புறம்தான் தினமும் மணிச் சத்தமே கேட்குமாம். மத்தியான மணி மட்டும் கரெக்டாம். என்ன கொழுப்பு பாருங்க."

"இத்தனை நாள் உங்களுக்குத் தெரியலையா?"

"நான் எங்க கடிகாரம் பார்க்கறேன்? மணி நிக்கறதுக்குள்ள கோயில் வாசல்ல நிப்பேன். நின்னதும் நோட்டைத் திறப்பேன். பிந்தி வர்றவன் பேரை எழுதுவேன். வகுப்பு தொடங்கின வாரமே பைக்லேர்ந்து விழுந்து முட்டி போச்சு. அப்பவே சொன்னேனா இல்லையா, என்னிக்கு மணிக்குப் பிந்தி வர்றேனோ அன்னிக்கு இந்த வேலையை விட்டுடறேன்னு? ஒரு நாள் பிந்தினேனா?"

"இல்லை" என்றார் அதிபர்.

மணியடிக்கும் கவேசாவுக்கு ஆள் போனது. குழம்புக் கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்து நின்றான்.

"காலை மணியை லேட்டா அடிச்சியா?" என்றார் செபுன்யா.

"அடிச்சேன் ஃபாதர்."

"தூங்கிட்டியா?"

"இல்லை ஃபாதர். அஞ்சேமுக்காலுக்கே பலாமரத்துக்கிட்ட போயிடுவேன்." மணி என்பது அந்தப் பலாமரத்தில் தொங்கும் பழைய லாரி ரிம்தான்.

"போயி? பலாப்பழம் எண்ணினியா?"

"ஒருத்தர் வரணும்னு நின்னேன்."

"அப்படிச் சொல்லு. எவன் அவன்? உன் ஊர்க்காரனா?"

"இல்லை ஃபாதர்."

"கூடப் படிக்கறவனா?"

"இல்லை ஃபாதர்."

"பேரைச் சொல்லு. அந்தச் சோம்பேறியோட உறைக்குள்ள என்ன எழுதணுமோ அதை நான் எழுதறேன். நீ சொல்லலைன்னா உன் உறையில எழுதுவேன்."

கோபம் வந்துவிட்டால் செபுன்யாவிடம் பேரத்துக்கு இடமில்லை. கவேசாவுக்கும் அது தெரியும். அவனுடைய பத்து வருஷப் படிப்பு அந்த மேசைமேல் ஒட்டாத உறையாகக் கிடந்தது.

"என் உறையிலேயே எழுதிடுங்க ஃபாதர்."

"திமிரைப் பார்த்தீங்களா?"

அதிபர் கையமர்த்தினார். "பேர் வேண்டாம் கவேசா. ஏன் நின்னேன்னு மட்டும் சொல்லு."

கவேசா தரையைப் பார்த்துப் பேசினான். "போன வருஷம் மலேரியாவுல நான் பிழைக்க மாட்டேன்னு எல்லாரும் நினைச்சாங்க. மூணு நாள் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினவர் அவர், ஃபாதர். அவருக்காக நான் அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதா?"

செபுன்யா சிவப்பு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பலாமரத்துக்கிட்ட நின்னா உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார் அதிபர்.

"வாழைத்தோப்புக்குள்ளேர்ந்து மேல ஏறி வர்ற பாதை தெரியும் ஃபாதர்."

தோப்புக்குள் இருப்பது ஒரே ஒரு வீடு. அதில் குடியிருப்பவரும் ஒருவர்தான்.

செபுன்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வேறு யாருடைய குரலிலோ கேட்பது போலக் கேட்டார்: "மழை பேஞ்ச அன்னிக்கு?"

"அன்னிக்கு எட்டு நிமிஷம் ஆகும் ஃபாதர்."

அதிபர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். செபுன்யா கவேசாவின் உறையை எடுத்தார். 'மறுபடி வா' கடிதத்தை உள்ளே வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, அவன் கையில் திணித்தார்.

"போ. போய்ச் சாப்பிடு."

கவேசா விட்ட பெருமூச்சு வராந்தா வரைக்கும் கேட்டது.

கால்மணி நேரத்தில் செபுன்யா சாப்பாட்டு அறை வாசலில் நின்றார். கரண்டியால் கதவைத் தட்டினார். நாற்பது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"வருஷம் பூரா ஒரு நாள் தப்பாம பூசைக்குப் பிந்தி வந்த ஆள் ஒருத்தன் இங்க இருக்கான்."

நாற்பது பேரும் அவரவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"அவனுக்காக இந்தக் கவேசா மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னிருக்கான். தன் படிப்பையே விட்டுக்கொடுக்கத் துணிஞ்சிருக்கான். அந்த ஆளோ, பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. போதாக்குறைக்கு மத்தவங்க பேரையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். பஸ் கிளம்பறதுக்குள்ள அவன் கவேசா முன்னாடி வந்து நிக்கணும். நன்றின்னு வாயைத் திறந்து சொல்லணும். அந்தப் பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்துங்கப்பா, வழி விடுங்க. அவன் மெதுவாத்தான் வருவான்" என்று சொல்லிக்கொண்டே செபுன்யா, சுவரைப் பிடித்தபடி, கவேசாவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.