குற்றம் ஏசி மேல் இல்லை

ஏசி சரியாகத்தான் இருந்தது. அதுதான் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை.

தன் வீட்டுப் படுக்கையறையில் ஸ்டூல் மேல் நின்றபடி, காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரை மறுபடியும் நீட்டினார். பன்னிரண்டு டிகிரி. ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. கேஸ் குறையவில்லை. வெளிச்சுவரில் கம்ப்ரஸர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

உலகத்தில் எத்தனை வீட்டு ஏசி கெட்டுப்போகிறது. இந்தப் பாழாய்ப்போன பெட்டிக்கு ஒரு கோளாறு வரக்கூடாதா?

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு மெஷின் கெட்டிருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

விஷயம் என்னவென்றால், போன மாதம் அவருடைய மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. கேட்டதற்கு, "ரூம் ஒரே சூடா இருக்குங்க" என்றாள்.

சூடு என்றால் ஏசி மெக்கானிக்குக்கு வேறென்ன தோன்றும்? கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அடுத்த ஞாயிறும் சூடு என்றாள். மறுபடியும் கழற்றினார். இன்றைக்கும் அதே கதைதான்.

ஆனால் ஹாலில் ஏசியே கிடையாது. ஒரு கிழட்டு மின்விசிறி, அதுவும் மனசு வந்தால்தான் சுற்றும். சூடு தாங்காதவள் அங்கே போய் ஏன் படுக்க வேண்டும்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தெரியாமல் கை பட்டாலும் உதறுகிறாள். உப்புப் பெறாத விஷயத்துக்கு எரிந்து விழுகிறாள். ஒரு நாள் குளியலறையிலிருந்து சிவந்த கண்ணோடு வந்தவளைக் கேட்டால், சோப்புப் பட்டுவிட்டது என்கிறாள்.

ஆக, ஏசி கெட்டிருந்தால் கோளாறு ஏசியில். ஏசி நன்றாக இருந்தால் கோளாறு அவரிடம். மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, இனிமேல் இந்த மனுஷனோடு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டதோ என்னவோ. அவளில்லாமல் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை.

அலமாரியிலிருந்து துண்டு எடுக்க அவள் உள்ளே வந்தாள். கையில் பாதி குடித்த காப்பி.

அவர் ஸ்டூலில் நின்றதால் அவளுடைய பிடரி நன்றாகத் தெரிந்தது. கழுத்தடியில் ஒரு சிவப்பு கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதுவரை ஏறியது. அவள் திரும்பியபோது மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை அரும்பியிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு, அவர் கழற்றி வைத்திருந்த ஏசி மூடியை எடுத்து விசிறிக்கொண்டாள்.

அவர் கையிலோ குளிரில் மயிர் குத்திட்டு நின்றது. அதே அறை, அதே காற்று.

மெல்ல இறங்கி வந்து அவள் கழுத்தில் கை வைத்தார். கொதித்தது. பன்னிரண்டு டிகிரியில் விறைத்த கை என்பதால் இந்தத் தடவை அவள் உதறவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

"இது எப்பெப்ப வருது?"

வாடிக்கையாளர்களிடம் தினம் கேட்கிற கேள்விதான். கேட்க வேண்டிய ஆளிடம் இப்போதுதான் கேட்கிறார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தாள் மகராசி. சூடாகக் காப்பி குடித்தால் வருகிறதாம். ஆபீசில் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வருகிறதாம். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிற அன்றைக்கு நெஞ்சும் சேர்ந்து படபடக்கிறதாம். மாதவிலக்கு வேறு தள்ளித் தள்ளிப் போகிறது. பயந்துபோய் அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறாள். ரத்தம் பார்த்து நேற்றுதான் சொன்னார்களாம். பயப்பட ஒன்றுமில்லை, நிற்கப்போகிற வயசு, எல்லாம் ஹார்மோன் படுத்தும் பாடு.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கூடவே கண்ணும் கலங்கியது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ அது எழுந்து போய்விட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே, சூடா இருக்குன்னு. ஒவ்வொரு தடவையும் நீங்க ஏசியைக் கழட்டுனீங்க."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனாலும் ஒன்று மிச்சமிருந்தது. அவர் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்கத்தான் வாய் வரவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். படுத்த பிறகு சூடு ஏறினால் ரிமோட்டை எடுத்துப் பதினெட்டுக்கு இறக்குவாளாம். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்குமாம். திரும்பிப் பார்த்தால், பகலெல்லாம் ஊரார் வீட்டைக் குளிர வைத்துவிட்டு வந்த மனுஷன் போர்வைக்குள் நத்தையாய்ச் சுருண்டு கிடப்பாராம்.

"குளிருதுன்னு வாயத் தொறந்து சொன்னீங்களா? அதான் நானே எழுந்து போயிட்டேன். நீங்களாவது தூங்குங்கன்னு."

சொன்னால் ஏசியை அணைத்துவிடுவாளே என்றுதான் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

கருவிப் பையை இழுத்து அடிவரை துழாவினார். மீன் கம்பெனியின் குளிர்க் கிடங்குக்கு ரிப்பேர் வேலைக்குப் போகும்போது மட்டும் போடுகிற கம்பளிக் குல்லா ஒன்று கிடைத்தது. உதறி, இரண்டு காதையும் மூடித் தலையில் மாட்டிக்கொண்டார். ரிமோட்டில் பதினெட்டு வைத்து அவளிடம் நீட்டினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஹாலுக்குப் போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள்.