இடப்பக்கத்து ஏவுகணை

விண்வெளிச் சண்டை விளையாட்டில் துரத்திவந்து அடிக்கும் ஏவுகணை கண்ணுக்கே தெரிவதில்லை என்று, ஆடிப்பார்த்துக் குறை சொல்லும் வேலையிலிருக்கும் அண்ணன் புலம்பப் புலம்ப, அதை வடிவமைத்தவள் மூன்று வாரமாக அதன் வாலுக்கு வெளிச்சம் கூட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று, ஜன்னல் வெயில் திரையில் விழுந்தும், தீவட்டி பிடித்ததுபோல அது இடப்பக்கமிருந்து வருகிறது. அவர் நேரே பார்த்தபடி இருக்கிறார். கப்பல் வெடிக்கிறது. "எங்கேருந்துதான் வருதோ சனியன். இன்னும் கொஞ்சம் கூட்டும்மா" என்றபடி மேசையைப் பார்க்கிறார். "ஆமா, டீ வச்சியே, எங்க?" அவருடைய இடது முழங்கையருகே தம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. விசைப்பலகைக்குப் போன அவள் கை பாதியில் நிற்கிறது. "கூட்டிட்டியா?" "கூட்டிட்டேண்ணா" என்று சொல்லிக்கொண்டே, தம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்து அவருக்கு வலப்பக்கம் வைக்கிறாள். "அட, கண்ணு முன்னாடியேதான் இருந்திருக்கு" என்று அவர் சிரிக்கிறார்.