மாலைக்கு அடியில் விரல்

பழைய கல்யாண நாடகம் ஒன்றைப் படங்களோடு புதிதாக அச்சடித்திருந்தார்கள். அதில் ஒரு படத்தில், கழுத்தில் மாலையோடு மணப்பெண் தலை குனிந்து நின்றாள். படத்துக்குக் கீழே 'நாணம்' என்று ஒரு சொல் இருந்தது.

"நான் வெட்கப்பட்டுக் குனியலை. மாலையைக் கழற்றத்தான் குனிஞ்சேன். எதிர்ப் பக்கத்து வசனத்தைப் படிச்சுப் பார்," என்றது படம்.

"வசனத்தை யார் படிக்கிறாங்க? என்னைப் பார்த்துத்தான் கல்யாணப் பரிசுக்கு வாங்குறாங்க. பேசாம நில்லு," என்றது சொல்.

"என் விரல் மாலைக்கு அடியில இருக்கு. ஒருத்தராவது பார்க்கட்டும். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்."

கடையில் புரட்டியவர்கள் எல்லாம் சொல்லைப் படித்து, "லட்சணமா இருக்கா," என்று மூடி வைத்தார்கள். படம் விரலை எடுக்கவில்லை.

கடைசியில் அந்தப் புத்தகம் கனகவல்லிக்குப் பரிசாக வந்தது. மறுநாள் அவளுக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று அவள் தலை குனிந்திருந்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நிச்சயம் செய்துவிட்டார்கள்.

அவள் பக்கத்தைப் பிரித்துப் பிடித்தபோது கட்டைவிரல் அந்தச் சொல்லின் மேல் பதிந்தது.

"ஐயோ, கையை எடு!" என்று கத்தியது சொல். அவளுக்குக் கேட்கவில்லை.

கனகவல்லி படத்தையே பார்த்தாள். மாலைக்கு அடியில் இருந்த விரலைப் பார்த்தாள். எதிர்ப் பக்கத்து வசனத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு புத்தகத்தை மூடாமலே எழுந்தாள்.

"அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போடுங்க. நான் பேசணும்."