மறுபடியும் ஸ்லோ பால்

மறுபடியும் ஸ்லோ பால். எதிரணிக்காரி கொட்டாவி விட்டுக்கொண்டே அடித்திருக்கலாம். பந்து வேலியைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டில் போய் விழுந்தது.

கோச் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது இன்னிங்ஸ் வரை மூன்று ரன் முன்னால் இருந்த மில்லின் பெண்கள் சாஃப்ட்பால் அணி, ஆறாவதில் ஒரு ரன் பின்னால் போயிருந்தது.

"வேணும்னே பண்றா சார்," என்றார் பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த கிளார்க். "அண்ணியையும் நாத்தனாரையும் ஒரே டீம்ல போட்டா வேற என்ன நடக்கும்?"

பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எந்தப் பந்து வேண்டும் என்று விரலால் கேட்பவள் கேட்சர். அவள்தான் அண்ணி. கேட்டதை வீச வேண்டிய பிட்சர், அவள் புருஷனின் தங்கை. இரண்டு பேருக்கும் மில்லில் தற்காலிக வேலை. அந்தப் புருஷன் மூன்று வருடமாகப் படுத்த படுக்கை, வீடு ஓடுவது இந்த இரண்டு பெண்களால்தான்.

பிட்சருக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் கோச் மேஜை மேல் தயாராக இருந்தது. அண்ணிக்கு வயது தாண்டிவிட்டது, ஜென்மத்துக்கும் கிடைக்காது. தோற்றால் யாரால் தோற்றோம் என்று எழுதிக் கொடு, அந்த ஆள் அன்றைக்கே வீட்டுக்குப் போகட்டும் என்று மேனேஜர் காலையிலேயே கோச்சிடம் கறாராகச் சொல்லிவிட்டார். இவ்வளவும் தெரிந்த கிளார்க், இது பொறாமைதான் என்று அடித்துச் சொன்னார்.

கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி விறுவிறுவென்று மைதானத்துக்குள் கேட்சரிடம் போனார்.

"என்னம்மா கேட்டுக்கிட்டிருக்கே? முதல்ல நெஞ்சுக்கு நேரா ஏறி வர்ற ஃபாஸ்ட் பால். அடுத்தது வெளிப்பக்கம் இறங்கற ஃபாஸ்ட் பால். அந்த வேகத்துக்கு அவ கண்ணு பழகின பிறகுதானே ஸ்லோ? எடுத்த எடுப்புலயே ஸ்லோ கேட்டா, இந்தா அடிச்சுக்கோன்னு கையில குடுக்கற மாதிரி இல்ல?"

"எனக்கு அதான் சரின்னு பட்டுச்சு சார்." முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பதில் சொன்னாள் கேட்சர்.

"உனக்குப் பட்டுச்சா! அப்போ நான் எதுக்கு இங்க, பொம்மையா?"

நாலடி தள்ளி நின்றிருந்த பிட்சர் தயங்கித் தயங்கி வாயெடுத்தாள். "சார், நான் வந்து..."

"நீ சும்மா இருடி!" அண்ணி சீறினாள். "கேக்கறது என் வேலை. பந்தைப் போடறதோட நீ நிறுத்திக்கோ."

பெஞ்சிலிருந்த கிளார்க், பார்த்தீர்களா என்பது போலக் கண்ணைக் காட்டினார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். கோச் அண்ணி பக்கம் திரும்பினார்.

"அடுத்து வர்றவளுக்கு ஏறி வர்ற பந்துன்னாலே ஆகாது. மூணு பந்தும் ஃபாஸ்ட்டே கேளு. புரியுதா?"

"சரி சார்."

பிட்சரின் கை முழு வட்டமாகச் சுழன்றது. ஸ்லோ பாலில் இருக்கும் சூட்சுமமே அதுதான். கை ஃபாஸ்ட் பாலுக்குச் சுழல்வது போலவே சுழலும், பந்து மட்டும் அசைந்து அசைந்து வரும். இதுவும் அப்படித்தான் வந்தது. பந்து வந்து சேருவதற்கு முன்பே கேட்சர் கையுறையை மூடிவிட்டாள், பந்து அதில் முட்டித் தரையில் விழுந்தது.

"மனசு ஆட்டத்துல இருந்தாத்தானே!" என்று கிளார்க் உச்சுக்கொட்டினார்.

இரண்டாவது பந்தும் ஸ்லோ. மூன்றாவது பந்தும் ஸ்லோதான். அது நேராக வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் கடமைக்கு ஆடியது. தோற்றார்கள்.

கோச் தன் அறையில் கேட்சரை நிற்க வைத்தே கேட்டார். "நாத்தனார் மேல உனக்கு அவ்வளவு கோவமா?"

"ஆமான்னே எழுதிக்கோங்க சார்."

எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"அவளுக்கு ஆர்டர் உண்டுதானே சார்?"

"அதைக் கெடுக்கத்தானே பாத்தே! நீ தலைகீழா நின்னாலும் அது உண்டு. போ."

அவள் போய்விட்டாள். கடிதமும் மேனேஜர் கைக்குப் போய்விட்டது. அந்த மனிதர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எந்தக் காலத்திலும் திரும்ப வாங்கினதில்லை.

கோச் பிட்சரைக் கூப்பிட்டு, நிரந்தர வேலைக்கான ஆர்டரை அவள் முன்னால் தள்ளினார். "அழாதம்மா. இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. போடு கையெழுத்து."

அவள் பேனாவை எடுத்தாள். அது விரலில் நிற்காமல் நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. கடைசியில் இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு கைக்கு?" கோச் பதறிப்போய் எழுந்தார்.

"ஆறாவது இன்னிங்ஸ்லயே தோள் செத்துப்போச்சு சார். வாயைத் திறந்தேன்னா உன் அண்ணனுக்குச் சோறு போட யாரும் இருக்க மாட்டாங்கன்னு அண்ணி சத்தியம் வாங்கிட்டாங்க." அவள் தேம்பினாள். "அவங்க கடைசி வரைக்கும் கேட்டது ஃபாஸ்ட் பால்தான் சார்."