மூன்று நாட்டுச் சத்தம்

“என் காதை நம்பித்தான் என் பிழைப்பே ஓடுது. அது பொய் சொல்லாது” என்றார் அவர், குடியிருப்பு மேனேஜரின் மேசையை விரலால் தட்டி.

காது கேட்கும் மெஷின் பொருத்துவது அவர் தொழில். ஊரார் காதையெல்லாம் சோதித்துச் சோதித்து, தன் காதின் மேல் அவருக்கு அப்படியொரு கர்வம்.

பக்கத்து நாற்காலியில் மனைவி. சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புகார் இதுதான். ராத்திரியானால் படுக்கையறைச் சுவருக்குள் ஏதோ உறுமுகிறது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தால் கப்சிப். படுத்தால் மறுபடி ஆரம்பம். இதே கட்டடத்தில் வேறு வீடு கொடுங்கள், இல்லையென்றால் வேறு நாடு பார்த்துக்கொள்கிறேன்.

கடைசி வாக்கியம் வெறும் மிரட்டல் இல்லை. ஏற்கெனவே இரண்டு நாடுகளை அப்படித்தான் காலி செய்திருந்தார்.

முதல் நாட்டில், பழி மொட்டைமாடிப் பம்ப்பின் மேல் விழுந்தது. ஆள் வைத்துக் கழற்றி மாட்டியும் உறுமல் நிற்கவில்லை. “இது மனுஷன் இருக்கிற நாடா?” என்று கிளம்பிவிட்டார். இரண்டாவது நாட்டில், சுவருக்குள் ஓடிய வெந்நீர்க் குழாய் மாட்டிக்கொண்டது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார்கள். உறுமல் மாறவில்லை. அவர் நாட்டை மாற்றினார்.

வேடிக்கை என்னவென்றால், விட்டு வந்த நாடு விமானம் ஏறிய மறுநிமிடமே சொர்க்கமாகிவிடும். அங்கே குழாயைத் திறந்தால் கொட்டும், இங்கே சொட்டுகிறது. அங்கே பக்கத்து வீட்டார் பார்த்தால் சிரிப்பார்கள், இங்கே லிஃப்டின் நம்பரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே இருந்தபோது அந்தத் தண்ணீரையும் அந்தச் சிரிப்பையும் வாய் ஓயாமல் வைததும் தான்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வது? ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த மூன்றாவது நாட்டைப் பற்றி நண்பர்களிடம் கொஞ்சமாகவா பீற்றிக்கொண்டார்? இங்கே நாய்கூட அனுமதி வாங்கித்தான் குரைக்குமாம். சுவரெல்லாம் கோட்டைச் சுவராம்.

பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் உறுமல் முகவரி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது.

மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“உங்க மாடியிலேருந்தே ஒருத்தர் இதைப் பதிவு பண்ணிக் குடுத்தாங்க, சார். இதே சத்தமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். தொழில்காரர் இல்லையா? நாலு நொடி போதுமாக இருந்தது.

“இதேதான். மோட்டார். பேரிங் தேஞ்சுபோச்சு. ரொம்பப் பழசு, எண்ணெய் விட்டே பல வருஷம் ஆகியிருக்கும்.”

மேனேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

போனில் உறுமல் ஏறியது, இறங்கியது, தடுக்கி விழுந்து மறுபடி எழுந்தது. பிறகு ஒரு பெண்குரல், தூக்கக் கலக்கத்தில்:

“கொஞ்சம் திரும்பிப் படுங்க.”

உறுமல் நின்றது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு பம்ப், ஒரு சுவர், இரண்டு நாடுகள். அத்தனையும் அவருடைய குறட்டைக்கு. அதற்கு எண்ணெய் விடவும் இப்போது அவரே சிபாரிசு செய்தாகிவிட்டது.

சிறிது நேரம் கழித்துத்தான் அவர் காது மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. அந்தப் பெண்குரல் சுவரைத் தாண்டி வந்த குரல் இல்லை. போனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. குறட்டை ஒரு முழத்தில். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் இதைப் பதிவு செய்திருக்க முடியாது. அவருடைய கட்டிலில், அவருடைய தலைமாட்டிலேயே எடுத்தது.

“நீயா குடுத்தே?” என்றார், கண்ணைத் திறந்து. “இத்தனை வருஷமா தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“முதல் நாட்டில கீழ்வீட்டில உங்க அக்கா இருந்தாங்க. அடுத்த நாட்டில எனக்குப் பேசறதுக்கு ஒரு ஆள் கிடையாது. நீங்களா ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் கிளம்பலாம்னு சொன்னீங்க. நான் எதுக்குத் தடுக்கணும்?”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மீதிச் சில்லறையைக் கொடுப்பதுபோல் சொன்னாள்.

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கதவுவரை போய்த் திரும்பினாள்.

“சாயங்காலம் வரும்போது நல்ல ஆணியா நாலு வாங்கிட்டு வாங்க. ஜன்னலுக்குத் திரை தைக்கக் குடுத்திருக்கேன்.”

முந்தைய இரண்டு நாடுகளிலும், ஜன்னலுக்குப் பழைய போர்வையைத்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் என்பது, அவள் படியிறங்கிப் போன பிறகு அவருக்கு நினைவுக்கு வந்தது.